கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிய பிறகும்

திண்டுக்கல்லில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்துக்கொண்டு சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜிஎஸ்டி வந்த பிறகு மாதாமாதம் படிவம் தாக்கல் செய்து கொடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. பி.காம். முடித்து டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டவள் என்பதற்கு மேல் எனக்கும் கணினிக்கும் உறவில்லை; அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததும் இல்லை. அப்படிப்பட்ட நான் கடந்த ஆண்டு ஆகஸ்டு தொடங்கி ஆறு வாரம், அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த ஒரு வைஃபை ரவுட்டரோடு மல்லுக்கட்டி 10,649 ரூபாயையும் ஒரு வாடிக்கையாளரையும் இழந்தேன். அதில் ஏறக்குறைய நான்கு வாரம், கோளாறு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் கழிந்தது. யாரிடம் கேட்டாலும் கணினியைத் திறந்து பார்த்தார்களே தவிர, ரவுட்டரின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அன்று யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பின்னால் பலமுறை நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் இணையம் மந்தமாயிற்று. கூகுளில் எதைத் தேடினாலும், என் நெட்வொர்க்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான தரவுப் போக்குவரத்து வருவதாகச் சொல்லி, நான் மனிதர்தான் என்று நிரூபிக்கும்படி போக்குவரத்து விளக்குப் படங்களையும் பேருந்துப் படங்களையும் காட்டியது. பொருள் வாங்கும் தளம் ஒன்று உள்ளே விடவே மறுத்தது. மாத நடுவில் தளங்கள் திணறுவதும் மழைக்காலத்தில் கேபிள் கோளாறு வருவதும் எங்களுக்குப் பழக்கமானவை என்பதால், இதுவும் அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டால் உடனே சரியாகிவிடும்; ஒரு மணி நேரம், சில நாள்களில் நாற்பது நிமிடம், பளிச்சென்று வேலை செய்யும்; பிறகு மறுபடியும் அதே மந்தம். கணினி பழசாகிவிட்டது என்று பழுது பார்ப்பவர் சொன்னதை நம்பி 2,600 ரூபாய்க்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாற்றினேன். கணினி வேகமாகத் திறந்தது. இணையம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் நான் கவனித்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அணைத்துப் போட்டால் சரியாகி, சிறிது நேரத்தில் மறுபடி கெடுகிற ரவுட்டர், வெறும் பழைய ரவுட்டராக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. ரவுட்டருக்குள் புகுகிற தீய நிரல்களில் பெரும்பாலானவை அதன் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தினால் அவை அழிந்துவிடும். ஆனால் அவை நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கும். இணையத்தில் உள்ள முகவரிகளை இரவும் பகலும் வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்களுக்கு அந்த ஓட்டையை மறுபடி கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தாராளம். 2018 மே மாதத்தில் 54 நாடுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கருவிகளைப் பிடித்த விபிஎன்ஃபில்டர் என்ற நிரல் வெளிப்பட்டபோது, அமெரிக்காவின் எஃப்பிஐ வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நிரலின் முதற்பகுதி மட்டும் அணைத்துப் போட்டாலும் அழியாத வகை என்பதையும் அப்போதே சொல்லியிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால், அந்த நாற்பது நிமிடக் கணக்கே விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கும்.

ஆகஸ்டு 17ஆம் தேதி இணைப்பு வழங்கும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் இணைப்பிலிருந்து பிற கணினிகளின் மீது தாக்குதல் போக்குவரத்து செல்வதாகவும், 48 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் இணைப்பு நிறுத்தப்படும் என்றும் அதில் இருந்தது. வாசித்ததும் கை நடுங்கியது என்பதே உண்மை. பதினொரு பேருடைய விற்பனைக் கணக்கும் வங்கி விவரமும் என் கணினியில் இருக்கின்றன. வைரஸ் என்று முடிவு கட்டி, 18ஆம் தேதி 800 ரூபாய் கொடுத்துக் கணினியை முழுவதும் அழித்து மறுபடி நிறுவச் செய்தேன். 1,199 ரூபாய்க்கு ஓராண்டு ஆன்டிவைரஸும் வாங்கினேன். 19ஆம் தேதி மாலை சொன்னபடி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், ஏனென்றால் போக்குவரத்து சிறிதும் குறையவில்லை. வெளி டிஸ்க்கில் நான் எடுத்து வைத்திருந்த முழுப் பிரதி ஜூலை 31ஆம் தேதியோடு நின்றிருந்தது. ஆகஸ்டில் உட்கார்ந்து நான் ஏற்றிய ஏழு பேருடைய ஜூலைப் பதிவுகள் போயே போய்விட்டன. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு, பில் புத்தகங்களை மறுபடி வாங்கி வந்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, மாதாந்தர ஜிஎஸ்டி படிவமான 3பியைத் தாக்கல் செய்தபோது தேதி 22. கெடு 20. ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் ஏழு பேருக்கு இரண்டு நாள் தாமதக் கட்டணம் 700 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். வரி மீதான வட்டி சில பத்து ரூபாய்கள்தான் என்பதால் அதை மேலே சொன்ன தொகையில் சேர்க்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் மறு மாதம் வேறு கணக்கரிடம் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கணினியைச் சுத்தம் செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்து 23ஆம் தேதி இணைப்பைத் திரும்பப் பெற்றேன். 25ஆம் தேதி காலையில் அதே மின்னஞ்சல் மறுபடியும் வந்தது. எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது: முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தோம்; கணினி அணைந்திருந்தது, கைபேசிகள் எங்களோடு இருந்தன. வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது ரவுட்டர் ஒன்றுதான்.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, கைபேசிகளை விமான நிலையில் போட்டு, தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கி, கணினியின் கேபிளையும் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஏறி அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வைஃபை விளக்கு அசையாமல் எரிந்தது. கணினிக்கான விளக்கு அணைந்திருந்தது. இணையத்துக்கான பச்சை விளக்கு மட்டும் மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் போல் சுட்டது. பிறகு இணைப்பு நிறுவனத்தின் செயலியில் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன்; அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. வெளியூர் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டிலிருந்து 11 ஜிபி மேலேறியிருந்தது. சாதாரண வீட்டில் இறங்குவது அதிகமாகவும் ஏறுவது குறைவாகவும் இருக்கும். ஏறுவது இறங்குவதை மிஞ்சினால், நீங்கள் காணொளி, காப்புப் பிரதி எதுவும் ஏற்றாத நிலையில், யாரோ உங்கள் இணைப்பில் தொழில் நடத்துகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு சோதனைகளும் போதும். செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

ரவுட்டர்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: கடவுச்சொல்லை மாற்றினேன். வைஃபை கடவுச்சொல்லை இரண்டு முறை, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை இரண்டு முறை. கடைசியாக வைத்தது இருபத்திரண்டு எழுத்து. இடையில் பின்பக்கத் துளையில் ஊசியால் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் பச்சை விளக்கு பழையபடி துடித்தது. பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் பில் கட்டைக் கொண்டுவந்தபோது புலம்பினேன். வயதானவர், கணினியைத் தொட்டதே இல்லை. "பூட்டு எத்தன லீவரா இருந்தா என்னம்மா, நெலையே ஆடுனா?" என்று கேட்டுவிட்டு பில்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். ரவுட்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குத் தமிழில் நிலைபொருள் என்று பெயர் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது அந்த நிலையைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வன்பொருள் பதிப்பு என்று வி1 என அச்சிட்டிருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துத் தேடியபோது, அந்த மாடலுக்கென்றே சிவிஇ என்று தொடங்கும் எண் ஒன்று பதிவாகியிருப்பது தெரிந்தது. உலகம் முழுவதும் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கப்படும் வரிசை எண் அது. நினைவக வழிதல், அதாவது பஃபர் ஓவர்ஃப்ளோ, கடவுச்சொல் தேவையில்லை, தீவிரம் பத்துக்கு 9.8. கீழே ஒரு வரி: இந்தக் கருவியின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, திருத்தம் வெளியிடப்படாது. நான் வாங்கியது 2017இல். கடைசி ஃபர்ம்வேர் வந்தது 2018இல். இத்தனை ஆண்டுகளாகச் செத்துப்போன ஒரு கருவியை வாசலில் காவலுக்கு வைத்திருந்திருக்கிறேன்.

கடவுச்சொல் ஏன் பயன்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று இரவுகள் ஆயின. கடைசியில் என் தொழிலின் கணக்குப் புத்தகமே கைகொடுத்தது. குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியிலும் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதை ஒட்டிப் பேரேட்டுப் பக்க எண் எழுத ஒரு குறுகிய கட்டம் இருக்கும். விவரத்தை எழுதி முடித்ததும் பக்க எண்ணைப் பார்த்து அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். இப்போது, சொல்வதை அப்படியே எழுதுகிற, கட்டத்தின் அகலத்தைப் பார்க்கவே பார்க்காத ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்த ஒருவன் தன் பெயர் என்று மிக நீளமான ஒன்றைச் சொல்கிறான். குமாஸ்தா எழுதிக்கொண்டே போகிறார். பெயர் விவரக் கட்டத்தைத் தாண்டிப் பக்க எண் கட்டத்துக்குள் வழிகிறது. அவன் கணக்காகப் பார்த்துப் பெயரின் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்திருக்கிறான். எழுதி முடித்த குமாஸ்தா, வழக்கப்படி பக்க எண்ணைப் பார்க்கிறார், அவன் எழுதவைத்த பக்கத்துக்குப் போகிறார், அங்கே இருப்பதைச் செய்கிறார். ரவுட்டரில் நடப்பதும் இதுதான். நிர்வாகப் பக்கத்தின் பயனர் பெயருக்கென்று நினைவகத்தில் இத்தனை பைட் என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வருவதன் நீளத்தை அளக்காமல் அதில் நகலெடுக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, வேலை முடிந்ததும் நிரல் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரி இருக்கிறது. வழிந்தது அந்த முகவரியை அழித்து எழுதிவிடுகிறது. கடவுச்சொல் சரியா என்று பார்ப்பது இதற்கெல்லாம் அடுத்த வேலை. அந்த வேலைக்கு நிரல் போய்ச் சேருவதே இல்லை. என் இருபத்திரண்டு எழுத்துக் கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இது புதிய தவறும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டியது. 1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு, யூனிக்ஸ் கணினிகளுக்குள் புகப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்தில் அதைவிட நீளமான வரியைத் திணித்ததுதான். 2015இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் யூஎஸ்பி அச்சுப்பொறியை இணைக்க உதவும் நெட்யூஎஸ்பி என்ற பொது மென்பொருளை ஆராய்ந்தபோது, இணைகிற கணினியின் பெயர் 64 எழுத்தைத் தாண்டினால் நினைவகம் வழிவதைக் கண்டார்கள். வெறும் பெயர்! 2020 ஜூனில் நெட்கியர் நிறுவனத்தின் 79 மாடல்களின் நிர்வாகப் பக்கத்தில் இதே வகைக் குறை வெளிவந்தது. கைபேசியிலும் கணினியிலும் இப்படி வழிந்தால் கண்டுபிடித்து நிரலை நிறுத்திவிடும் காவல் எண், முகவரிகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைப்பது போன்ற தடுப்புகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அவற்றைச் சேர்ப்பதில்லை. போதாக்குறைக்கு, அங்கே ஓடும் நிர்வாக நிரல் பெரும்பாலும் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. அது ஒன்று விழுந்தால் பெட்டி முழுவதும் விழுந்த மாதிரி.

என் பங்குக்கு நானும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து டேலியைப் பார்ப்பதற்காக மாதக் கட்டணம் கட்டி, எப்போதும் மாறாத, வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய பொது ஐபி முகவரி (இணையத்தில் என் இணைப்பைக் குறிக்கும் எண்) ஒன்று வாங்கியிருந்தேன். வீட்டு இணைப்புகள் பலவற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து நேரே ரவுட்டரைத் தட்ட முடியாது. எனக்கு அந்தத் திரை இல்லை. அதோடு, இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர், பழுது வந்தால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ள வசதி என்று சொல்லி, நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்தும் திறக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டபோது தலையாட்டியது நான்தான். ஊசியால் அழித்த பிறகு அதே ஊழியர் வந்து பழையபடியே அமைத்துக் கொடுத்தார், அப்போதும் தலையாட்டினேன். நிலையான முகவரி என்பதால் இன்னொரு தொல்லை: அந்த முகவரி, தாக்குதல் வரும் முகவரிகளைத் தளங்கள் குறித்து வைக்கும் கறுப்புப் பட்டியல்களில் ஏறிவிட்டது, எல்லாம் சரியான பிறகும் மூன்று வாரம் பேருந்துப் படங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி கடைக்குப் போய் 1,450 ரூபாய்க்கு வேறொரு நிறுவனத்தின் புதிய ரவுட்டர் வாங்கினேன். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை முதல் வேலையாக அணைத்தேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் பச்சை விளக்கு மறுபடியும் துடித்தது. அழுகை வராத குறைதான். நிர்வாகப் பக்கத்தை உற்றுப் பார்த்தபோது, பழைய ரவுட்டரின் பக்கம் போலவே இருப்பது புரிந்தது: பட்டிகளின் வரிசை, ஒரு சொல்லில் இருந்த எழுத்துப்பிழை வரைக்கும் அதே, சின்னமும் நிறமும்தான் வேறு. இரண்டுக்கும் உள்ளே இருந்த சிப்பும், அந்தச் சிப்போடு வரும் அடிப்படை மென்பொருளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. புதிய பெட்டி என்று நான் வாங்கியதன் ஃபர்ம்வேர் தேதி 2019. தேடிப் பார்த்தால் அந்த மாடலின் பெயரும் ஒரு குறைப் பட்டியலில் இருந்தது, திருத்தம் மட்டும் எங்கும் இல்லை.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒருவருடையது, உள்ளே ஓடும் நிரல் பெரும்பாலும் இன்னொருவருடையது. 2014 டிசம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் வெளியிட்ட மிஸ்ஃபார்ச்சூன் குக்கி என்ற நினைவகக் குறை, ராம்பேஜர் என்ற சிறிய வலை நிரலில் இருந்தது. பல நிறுவனங்கள் தயாரித்த ஒரு கோடியே இருபது லட்சம் கருவிகள், 189 நாடுகளில், அதைச் சுமந்துகொண்டிருந்தன. அந்த நிரலை எழுதியவர்கள் 2005இலேயே திருத்திவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் பழைய பிரதியே புதுப் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தது. 2022இல் ரியல்டெக் சிப்புகளோடு வரும் ஒரு மென்பொருளில் வெளிவந்த குறை இன்னும் மோசம்: இணையத் தொலைபேசி அழைப்புகளுக்காக, கடந்து போகும் தரவுப் பொட்டலங்களைத் திறந்து பார்க்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற பகுதியில் அந்த வழிதல் இருந்ததால், வெளி நிர்வாகத்தை அணைத்து வைத்தவர்களும் தப்பவில்லை. ஆகவே வெளி நிர்வாகத்தை அணையுங்கள், கண்டிப்பாக அணையுங்கள். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது ரவுட்டரை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்துகொண்டு, அவசரப்படாமல் தேடினேன். வேகம், ஆன்டெனா எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்து, கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முந்தையது எப்போது வந்தது, குறிப்பில் பாதுகாப்புத் திருத்தம் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் ஒன்றும் வராத மாடல்களை ஒதுக்கினேன். ஆதரவு முடிந்தவை என்று ஒரு பட்டியலைப் பெரும்பாலான நிறுவனங்கள் தளத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருக்கும், அதையும் பார்த்தேன். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2020இல் 127 வீட்டு ரவுட்டர்களைச் சோதித்தபோது, அவற்றில் 46க்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வந்திருக்கவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குகிற நமக்கு, ரவுட்டர் பெட்டியில் அதைப் பார்க்க ஆசைப்படுவது பெரிய கோரிக்கையாகத் தெரியவில்லை. நான் தேர்ந்தெடுத்ததன் விலை 3,900 ரூபாய். முதலிலேயே இதை வாங்கியிருந்தால் செலவு அதோடு நின்றிருக்கும்.

ஃபர்ம்வேரை ஏற்றும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் வன்பொருள் பதிப்பு எண் கோப்பின் பெயரோடு பொருந்த வேண்டும். வி1க்கு வி3இன் கோப்பை ஏற்றினால் பெட்டி செங்கல் போல் ஒன்றுக்கும் உதவாததாகிவிடக்கூடும், என் பழைய ரவுட்டருக்கு அப்படி ஒன்றை ஏற்றப் போய்க் கடைசி நொடியில் கைவிட்டேன். ஏற்றும்போது வைஃபையை நம்பாமல் கேபிளில் இணைத்து, ரவுட்டரை இன்வெர்ட்டர் பிளக்கில் செருகுங்கள், ஏனென்றால் நம் ஊர் மின்சாரம் சரியாக அந்த நான்கு நிமிடத்தில்தான் போகும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடலாம். நிறுவனமே கொடுத்த ரவுட்டராக இருந்து, ஃபர்ம்வேர் அவர்கள் கையில் இருந்தால், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் அணைத்துப் போடுங்கள் என்பார்கள். வெளி நிர்வாகம், யூபிஎன்பி (வீட்டுக் கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வாசல் திறந்துகொள்ளும் வசதி), டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் அடிக்காமல் பொத்தானை அழுத்தி வைஃபையில் இணையும் வசதி), எஸ்ஐபி ஏஎல்ஜி ஆகிய நான்கையும் நான் அணைத்துவிட்டேன்; வீட்டில் எதுவும் நின்றுபோகவில்லை. நிலையான ஐபி முகவரியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாடிக்கையாளர்களுக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது வீண் வேலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்தே. அது ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ரவுட்டரில், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் கணினியைக் குறிக்கும் டிஎன்எஸ் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று. பிரேசிலில் 2011, 2012 ஆண்டுகளில் ஏறத்தாழ 45 லட்சம் மோடம்களில் அந்த எண்ணை மாற்றி, வங்கித் தளத்தைத் தேடியவர்களைப் போலித் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். என் ரவுட்டரில் அது மாறியிருக்கவில்லை. ஆனாலும் கைபேசி இணைப்பிலிருந்து எல்லா வங்கிக் கடவுச்சொற்களையும் மாற்றிய பிறகே எனக்குத் தூக்கம் வந்தது. இந்தத் தளத்தை நம்ப முடியாது என்று உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் பரவாயில்லை என்று அழுத்திக் கடக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழைக்க வேண்டும். வங்கிக்கும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் ரிசர்வ் வங்கியின் விதிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு, தெரிவிக்க எத்தனை நாள் ஆனது என்பதை ஒட்டியே முடிவாகிறது.

இரண்டாவது ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். பெட்டி பிரித்ததை எடுக்க முடியாது என்றார் கடைக்காரர். நான் விவரமாகச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், பிளக்கில போட்டா லைட் எரியுதுல்ல, ஓடுற பொருள்தானே. வெச்சுட்டுப் போங்க, யாராவது கேட்டா எழுநூறு ரூபாய்க்குத் தள்ளி விட்டுடறேன்" என்றார். எழுநூறு என்றதும் தாமதக் கட்டணம் நினைவுக்கு வந்தது, ஒரு கணம் யோசிக்கவும் செய்தேன். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது பழைய ரவுட்டரோடு பரணில் இருக்கிறது. இரண்டையும் ஊசியால் அழுத்தி அழித்து, அடாப்டர் ஒயர்களை வெட்டி, மேலே "இணையத்தில் போடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மின்கழிவு வாங்குபவர் வரும்போது எடைக்குப் போட வேண்டும்.